நாலு பேர் இல்லாமல் தொடங்காத ஆட்டம்

இல்லை, உன் இடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை. சலீம் கேட்டான். வேண்டாம் என்றேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இதை எழுதும் மேசையில் உன் உறை கிடக்கிறது. கணினிக்குப் போட நீ தைத்த உறை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது உன் அம்மா இடுப்பில் கட்டிக்கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் துணியை வெட்டித் தைத்தாய். நம் மலையூர் ரிங்லெட்டில் இறங்கும் பனியின் ஈரம் மெஷினுக்குள் போய்விடும் என்று நாலு மெஷினுக்கும் ஒவ்வொன்று. இது ஒன்றாம் மெஷினுடையது. நீ உட்காரும் மெஷின்.

கோலாலம்பூர் விடுதி அறை புழுக்கமாக இருக்கிறது. துணி சூடாகச் சூடாக அதிலிருந்து பச்சைக் கொழுந்தின் வாசனை வருகிறது. அதன் அடியில் ஆட்டுக்கறிக் குழம்பு. முதல் வாசனை உன் வீட்டுடையது. இரண்டாவது சலீமின் அத்தா நடத்தும் சாப்பாட்டுக் கடையுடையது. கடைக்கு மேலேதான் நீ சொல்லிக்கொடுத்த கணினி வகுப்பு. தரைப் பலகையின் இடுக்குகள் வழியாகக் குழம்பு மாடிக்கு ஏறிவிடும்.

முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி முகர்ந்தேன்.

*

நீ போன செய்தி வந்தபோது நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து விடுதிக்கு வந்தபோது தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு. அதைப் படித்தேன். குளித்தேன். மலை அடிவாரத்திலுள்ள தாப்பாவுக்குப் பஸ் பிடித்தேன். மலை ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நீ வருவேன்னு கொஞ்ச நேரம் வச்சிருந்தோம்மா," என்றார் உன் அம்மா. "மழை வந்துருச்சு."

பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பொய். தேநீர் கொடுத்தார். குடித்தேன். சுவரில் பள்ளியில் எடுத்த உன் ஐந்தாம் படிவப் படம் இருந்தது. அதன் சட்டத்தில் ஒரு ஆணி துருப்பிடித்திருந்தது. அந்த ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் அழுதார்கள். என்னைப் பார்த்ததும் இன்னும் அழுதார்கள். நான் அழுவேன் என்று காத்திருந்து, பிறகு விட்டுவிட்டார்கள்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. அது எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். வகுப்புக்கு ஏறும் மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவாய். அங்கே சுவரில் பூச்சி மருந்து விளம்பரம் ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் படிப்பதுபோல் நிற்பாய்.

"டீச்சர், அது இன்னும் மனப்பாடம் ஆவலையா?" என்று மேலிருந்து சலீம் கேட்பான்.

"கடைசி வரி மட்டும் பாக்கி லா."

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். மேலே வா என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

*

அந்த ஆட்டம் முதலில் உன்னுடையது இல்லை. சலீமின் உறவுக்காரர் யாரோ சிங்கப்பூரிலிருந்து நகலெடுத்துக் கொண்டுவந்த டிஸ்க். பச்சைத் திரையில் கோடுகளால் ஆன சுவர்கள். நடக்கிறவர் கண்ணுக்கு எது தெரியுமோ அது மட்டும் திரையில் தெரியும். ஒரு மூலை திரும்பினால் இன்னொரு தாழ்வாரம். அதன் கோடியில் ஏதாவது நிற்கும். அது வருவதற்குள் சுட வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஆள் விளையாடுவது. ஊரெல்லாம் அந்த ஆட்டத்தில் பைத்தியமாக இருந்த காலம். ஊர் என்றால் கணினியைக் கண்ணால் பார்த்த ஒரு முப்பது பேர்.

நீ இரண்டு வாரம் விளையாடினாய். பிறகு சலித்துவிட்டது.

"ஒத்தையா ஓடி ஒத்தையா சாவறதுல என்னா இருக்கு?" என்றாய். "கட்சி பிரிச்சு ஆடணும்."

ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அந்த வகுப்பில் நீ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தாய். பகலில் தோட்டத்து அலுவலகக் கிராணிமார் பிள்ளைகளுக்கும் கடைக்காரர்களுக்கும் தட்டச்சு. மத்தியானம் வகுப்பு ஓய்ந்ததும் உன் வேலை. நாலு மெஷின்களையும் கம்பிகளால் இணைத்தாய். ஈயத்தால் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாய். எழுதுவதும் அழிப்பதும் எழுதுவதுமாக மாதங்கள். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று புதிதாகக் கெட்டுப்போயிருக்கும்.

கடைசியில் அது இரண்டாவது டிஸ்க் ஆனது. முதலில் பழைய ஆட்டத்தின் டிஸ்கைப் போட வேண்டும். அது பாதி ஓடியதும் எடுத்துவிட்டு உன்னுடையதைப் போட வேண்டும். பழையது இல்லாமல் உன்னுடையது ஓடாது. உன் டிஸ்கின் மேல் நீல மசியில் 'கட்சி' என்று எழுதியிருந்தாய்.

கட்சிக்கு இரண்டு பேர். நீயும் நானும் ஒரு கட்சி. சலீமும் நாதன் சாரும் எதிர்க்கட்சி. நாதன் சார் தெலுக் இந்தானிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவர். நாற்பது வயது. டையைக் கழற்றாமல் கணினி கற்றுக்கொள்ள வந்தவர். சுடுவது என்றால் முதல் ஆளாக உட்காருவார். நம் மேசைகள் ஒரு சுவர் பக்கம், அவர்களுடையவை எதிர்ச் சுவர் பக்கம். முதுகுக்கு முதுகு. எட்டிப் பார்க்க முடியாது.

நாலு பேரும் விசையை அழுத்தினால்தான் ஆட்டம் தொடங்கும். அதுவரை நாலு திரையிலும் 'துங்கு' என்று இருக்கும். மலாயில் காத்திருக்கச் சொல்லியிருந்தாய். மூன்று பேர் அழுத்திவிட்டு ஒருவர் அழுத்தாவிட்டால் நாள் முழுக்கத் துங்குதான். சலீமைக் கடையில் கூப்பிட்டுவிட்டால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"மூணு பேரு ஆடுற மாதிரி மாத்திரு லா, டீச்சர்," என்றான் அவன். "ரொம்ப சுசா, கஷ்டமா இருக்கு."

"மாத்த மாட்டேன். ஆள் இல்லன்னா ஆட்டம் இல்ல."

*

நாதன் சார் சில ஆட்டங்களில் எடுத்த எடுப்பில் செத்துப்போவார். செத்ததும் திரை கறுத்துவிடும். உடனே கீழே கடையில் தே தாரே, நுரைக்க ஆற்றிய தேநீர், குடிக்கப் போய்விடுவார். அடுத்த ஆட்டத்துக்கு அவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதற்காகத்தான் நீ ஒன்று செய்தாய். செத்தவரின் திரையில் அவர் கட்சிக்காரர் பார்ப்பது தெரியும்படி மாற்றினாய். சலீமின் ஆள் எங்கே திரும்புகிறதோ அதை நாதன் சாரும் பார்க்கலாம். அவர் இருக்கையை விட்டு எழவில்லை. ஆனால் கத்த ஆரம்பித்தார்.

"சலீம், இடது பக்கம்! இடது பக்கம்யா! கண்ணு இல்லையா உனக்கு?"

"சார், செத்தவங்க பேசக் கூடாது," என்றாய் நீ.

"ரூல் எப்ப போட்டே?"

"இப்பத்தான்."

அந்த விதியை முதலில் மீறியவள் நீ. பேசவில்லை, சரி. நீ செத்த பிறகு நான் தவறான மூலையில் திரும்பினால் மேசைக்கு அடியில் என் நாற்காலிக் காலை உதைப்பாய். நான் திரும்பி வேறு வழியில் போவேன். பின்னாலிருக்கும் இருவருக்கும் கடைசி வரை தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் கதை சொல்பவரின் பார்வைக்கோணம் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினார்கள். குறிப்பெடுத்தேன். உன் உதைக்காக என் கால் தானாக நாற்காலிக்கு அடியில் நகர்ந்துகொண்டது.

*

ஆட்டத்தின் வரைபடம் நம் தோட்டம். நடுவில் காலையில் பெயர் கூப்பிட ஆட்களை நிறுத்தும் பெரட்டுக்களம். இரண்டு பக்கமும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள். கொழுந்து நிறுக்கும் கொட்டகை. கோயில். நிஜத்தில் மேட்டில் படி ஏறிப் போக வேண்டிய துரை பங்களா.

"படி போட முடியல," என்றாய். "பங்களாவையும் மட்டமாத்தான் போட்டிருக்கேன். இனிமே எல்லாரும் நேரா உள்ள போலாம்."

மேடே இல்லாத தோட்டம். அங்கே நீ ஓடுவாய். உன் ஆள் மட்டும் மற்ற மூவரையும்விட வேகமாக ஓடும்.

"உங்க ஆளுக்கு மட்டும் என்னா டீச்சர், மோட்டாரா வச்சிருக்கு?"

"மெஷின் அப்படி. நான் என்னா பண்றது?"

மெஷினா அது. நாலும் ஒரே பெட்டியில் வந்தவை. எல்லாருக்கும் தெரியும். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சுவர். அதை நீ முடிக்கவில்லை. அதற்குள் நடந்தால் நாலு மெஷினும் அப்படியே நின்றுவிடும். எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு டிஸ்கையும் முதலிலிருந்து போட வேண்டும். "அந்தப் பக்கம் போவாதடி," என்று எத்தனை முறை சொன்னாய். எனக்குக் கோயிலைச் சுற்றினால் திசை தெரியாது. அங்கேதான் உதை பலமாக விழும்.

நம் தோட்டம் என்பதால் நாம்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் முதல் சில விடுமுறைகளில் நாம் ஜெயிக்கவேயில்லை.

பச்சைத் திரையில் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி. சதுரத் தலை, கீழே ஒரு கோடு. எதிரே வருவது யார் என்று தெரியாது. தன் கட்சிக்காரரைச் சுட்டாலும் சாவு சாவுதான். அதை மாற்றச் சொன்னதற்கு, "குண்டு என்னா அடையாள அட்டை கேட்டுட்டா போவும்?" என்றாய். அதனால் வாயால் கூப்பிட்டுக்கொள்வோம். நீ "ஏய்!" என்பாய். நான் "ஓ!" என்பேன். பிறகு நாதன் சார் வந்து என்னைச் சுட்டுவிடுவார். நான் கூப்பிட்டால் நீ சாவாய். ஒவ்வொரு முறையும்.

ஒரு சனிக்கிழமை அவரே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார். "தங்கச்சிங்களா, தப்பா நினைக்காதீங்க. கூப்பிட்ட உடனே ஒருத்தர் சிலை மாதிரி நின்னுடறீங்க. ஏன்? பயமா?"

நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய். திறந்தபடி என்னைப் பார்த்தாய்.

பள்ளி விடுமுறையில் நம் அம்மாக்கள் நம்மையும் மலைக்குக் கூட்டிப் போவார்கள். பனி இறங்கினால் பக்கத்து நிரை தெரியாது. கை நீட்டினால் கை தெரியாது. அப்போது யாராவது கூப்பிட்டால், கேட்டவர் குரல் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கூப்பிட்டவர்தான் நடந்து வருவார். உன் அம்மா உன் காதைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது எனக்கும் சேர்த்துத்தான். "கூப்பிட்டா நின்னுரணும்டி. நீயும் நடந்து நானும் நடந்தா ரெண்டு பேரும் பள்ளத்துலதான் கெடப்போம்."

தோட்டத்தை வரைந்தாய். அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. எதிரி துப்பாக்கியோடு வருகிறான், நாம் பனியில் நிற்பதுபோல் நிற்கிறோம்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. சலீம் கீழே ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்படியும் சிரித்தாய். நாதன் சார் கையில் விசிறியோடு, "நான் என்ன கேட்டுட்டேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிற்காமல் இருக்கப் பழகலாம் என்றேன் நான்.

"வேணாம்," என்றாய். "நிக்கலாம். அவரு வருவாரு பாரு, அந்த வழிய நான் பாத்துக்கிறேன்."

அதற்குப் பிறகு சீக்கிரமே செத்துப்போய், உட்கார்ந்த இடத்திலேயே தே தாரே குடிக்க நாதன் சாருக்கு நிறைய நேரம் கிடைத்தது.

*

போன வாரம் சலீம் விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். வகுப்பை மூடுகிறார்களாம். நாலு மெஷினையும் திரிங்காப் ஊர்க் காய்கறி முதலாளி ஒருவர் எடுத்துக்கொள்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் லோரி வரும்.

"மெஷின் போச்சுன்னா அப்புறம் அந்த ஆட்டம் இல்ல லா. கம்பி, கிம்பி எல்லாம் டீச்சர் போட்டது. ஒரு தடவை போட்டுருவோம். வரியா, யூனிவர்சிட்டி?"

யூனிவர்சிட்டி என்பது அவன் எனக்கு வைத்த பெயர். வருகிறேன் என்றேன். வேறு காரணம் இருந்தது. உன் அம்மா முன்னால் ஒன்றும் ஆகவில்லை. உன் படத்தின் முன்னால் ஆகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலாவது ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்குப் போக வேறு இடம் இல்லை.

மாடிப்படியில் பாதியில் நின்று பூச்சி மருந்து விளம்பரத்தைப் படித்தேன். கடைசி வரி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

நாதன் சார் டை கட்டி வந்திருந்தார். இப்போது பதவி உயர்வாம். சலீமுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டையும் சொல்லிவிட்டு, சொன்னதற்காக இருவரும் சங்கடப்பட்டார்கள். உறைகளை எடுத்தோம். டிஸ்குகளைப் போட்டோம். பாதியில் மாற்றினோம். நாலு திரையிலும் 'துங்கு' வந்தது.

"என் தங்கச்சிய கூப்பிடவா?" என்றான் சலீம். "கீழதான் இருக்கா. சும்மா விசைய அழுத்தினா போதும்."

"வேண்டாம்."

"அப்ப எப்படி ஆரம்பிக்கும்?" என்றார் நாதன் சார்.

வலது கையால் என் விசையை அழுத்தினேன். இடது கையை நீட்டி உன்னுடையதை அழுத்தினேன். அவ்வளவு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆட்டம் தொடங்கியது. உன் ஆள் பெரட்டுக்களத்தில் நின்றது. உன் திரையில் ஒரு சுவர். அசையாத சுவர். நான் லயத்துப் பக்கமிருந்து நடந்து வந்தேன். "ஏய்" என்று கூப்பிடத் தோன்றியது. கூப்பிடவில்லை. நீ ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாய்.

கொட்டகைப் பக்கமிருந்து அவர்கள் இருவரும் வந்தார்கள். மூன்று சதுரத் தலைகள், உன்னைச் சுற்றி. யாரும் சுடவில்லை. பின்னால் விசைகளின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"நான் மாட்டேன் லா," என்றான் சலீம்.

நாதன் சாரைத் திரும்பிப் பார்த்தேன். கைகளைத் தொடையில் வைத்திருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்படியே விட்டிருந்தால் லோரி வரும்வரை நின்றிருப்போம். உன் திரையில் அந்தச் சுவர் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. நீ கட்டிய தோட்டம் முழுக்க இருக்க, ஒரு சுவர்.

நான் சுட்டேன்.

உன் திரை கறுத்தது. பிறகு நான் பார்ப்பதை அது பார்த்தது.

நடந்தேன். என் ஆள் மெதுவாகத்தான் நடக்கும். லயத்து வீடுகளைக் காட்டினேன். உன் வீடு, என் வீடு. கொட்டகை. மட்டமான துரை பங்களா, உள்ளே போய் வெளியே வந்தேன். சலீமும் நாதன் சாரும் எழுந்து வந்து நம் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டு திரையிலும் ஒரே வழி.

கோயில் வந்தது. சுற்றினேன். வழக்கம்போல் திசை தெரியவில்லை. எதிரே நீ முடிக்காத அந்தச் சுவர். நின்றேன். காலை நாற்காலியோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நாற்காலி அசையவில்லை.

சுவருக்குள் நடந்தேன். நாலு திரையும் அப்படியே நின்றன.

அப்போதும் நான் அழவில்லை. உன்னிடம் வேறு மாதிரி எழுதலாம். எழுதவில்லை. கால் மட்டும் வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு வர மறுத்தது. சலீம்தான் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தான்.

லோரி வந்தது. மெஷின்களோடு உறைகளும் போகட்டும் என்றான் சலீம். ஒன்றாம் மெஷினின் உறையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பசாரில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது பின்னாலிருந்து நாதன் சாரின் குரல் கேட்டது. "தங்கச்சி!"

நின்றுவிட்டேன். கோலாலம்பூரிலும் இப்படித்தான். தாழ்வாரத்தில் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவர்கள் வந்து சேரும்வரை நின்றுவிடுகிறேன். சிரிக்கிறார்கள்.

"ஓ," என்றேன்.

அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். குடையை நீட்டினார். பிறகு, "கடைசி வரைக்கும் நின்ன," என்றார். எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

குடையை வாங்கிக்கொண்டு தாப்பா பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். டிக்கெட் எடுத்தேன்.